வாளி நிறைந்தால் நிற்கும் மணி

இப்போதும் சில நாள் காலை ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடும். இந்த வீட்டிலிருந்து யாரும் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதில்லை என்பது நினைவுக்கு வர அரை நிமிடம் ஆகும். வந்ததும் போர்வையை இழுத்துக்கொண்டு மறுபடி படுத்துவிடுவேன். ஓய்வு பெற்றவனுக்குரிய சுகம் என்று பார்க்கிறவர்கள் நினைக்கலாம். உண்மையில், ஓய்வு பெற்ற பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் இந்தச் சுகம் எனக்குத் தெரியாது. தொண்ணூறுகளின் நடுவில், என் மகள் எழுதித் தந்த ஒரு மனுவின் பேரில் அது எனக்கு வழங்கப்பட்டது.

முப்பத்திரண்டு வருடம் கேரள அரசு அலுவலகத்தில் இருந்தேன். கடைசி ஒன்பது வருடம் சூப்பிரண்டு. எந்த விண்ணப்பத்தை எந்தப் படிவத்தில், யார் வழியாக, எத்தனை நகலோடு அனுப்ப வேண்டும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். பாறசாலைக்கும் வெள்ளறடைக்கும் நடுவே உள்ள எங்கள் ஊரில் பாதிப் பேர் என்னிடம் கேட்டு எழுதிய மனுக்கள்தான் தாலுகாவில் சுற்றிக்கொண்டிருந்தன. வீடு கட்டும்போது வரைபடத்தையும் நானே முடிவு செய்தேன். மனைவி இரண்டு குளிமுறி, அதாவது குளியலறை, கேட்டாள். மூன்று பேருக்கு ஒன்று தாராளம் என்று பதில் சொல்லி அந்தக் கோரிக்கையை முடித்துவைத்தேன்.

நான் ஓய்வு பெற்றதும் மகள் ப்ரீ-டிகிரி சேர்ந்ததும் ஒரே வருடம். திருவனந்தபுரத்தில் கல்லூரி. அவளுக்குக் கிடைத்தது காலை ஷிப்ட். வெள்ளறடையிலிருந்து வரும் முதல் பஸ் ஆறேகாலுக்கு எங்கள் தெருமுக்கைத் தாண்டும். அதில் ஏறினால் முதல் வகுப்பில் பெயர் கூப்பிடும்போது இருக்கலாம். அடுத்த பஸ்ஸில் போனால் இரண்டாம் வகுப்புக்குத்தான் நுழையலாம். முதல் வகுப்பில் பெயர் விட்டுப்போனால் அந்த முற்பகல் முழுவதுமே கணக்கில் வராது. விதி அப்படி. விதியில் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

முதல் வருடம் அவளுக்கு அம்மை போட்டு ஒரு மாதம் படுத்துவிட்டாள். வருகைக் குறைவை மன்னித்துப் பரீட்சை எழுத விடும் சலுகைக்கு நானே விண்ணப்பம் எழுதினேன். கல்லூரி அலுவலகத்தில் அதை மற்றவர்களுக்கு மாதிரியாகக் காட்டினார்கள் என்று கேள்வி. ஆனால் அந்தச் சலுகை படிப்பு முடியும்வரை ஒரே ஒரு முறைதான். இரண்டாம் வருடம் பாதி தாண்டியபோது கல்லூரியிலிருந்து ஒரு அஞ்சலட்டை வந்தது. மறுநாளே போனேன். அங்கிருந்த கிளார்க் பதிவேட்டைப் பார்த்துவிட்டு கண்ணாடியைக் கழற்றினார்.

“சாரே, இனி ஆறு முற்பகல் விட்டுப்போகலாம். ஏழாவது போனா இந்த வருஷம் பரீட்சை இல்ல.”

“சலுகை?”

“அது சாரே வாங்கிப் போயாச்சில்லே. நல்ல அப்ளிகேஷன். நான் இப்பவும் பத்திரமா வச்சிருக்கேன்.”

ஒரு வருடப் படிப்பு ஆறு முற்பகல்களில் தொங்கியது. பஸ்ஸில் திரும்பி வரும்போது விதிப் புத்தகம் முழுவதையும் மனதுக்குள் புரட்டினேன். ஓட்டை இல்லை. பிள்ளையை நேரத்துக்குப் பஸ்ஸில் ஏற்றுவது ஒன்றே வழி. அது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத வேலை.

முதலில் பிரச்சினையை ஆராய்ந்தேன். அவள் எழும்பாமல் இல்லை. ஐந்து மணிக்கு டைம்பீஸ் அடித்தால் எழும்புவாள். எழும்பி, தோளில் துவர்த்துத் துண்டைப் போட்டுக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்காருவாள். அப்படியே உட்கார்ந்திருப்பாள். கண் சிலநேரம் திறந்திருக்கும், சிலநேரம் மூடியிருக்கும். எழுப்புவதற்கு உலகத்தில் கடிகாரம் உண்டு. எழும்பிய பிள்ளையை நகர்த்துவதற்குக் கடிகாரம் இல்லை என்று கண்டுகொண்டேன். அதை நான் செய்வதாக முடிவெடுத்தேன்.

முதல் ஏற்பாடு எளியது. டைம்பீஸை அவள் கைக்கு எட்டாமல் அலமாரியின் மேல் ஒரு பெரிய எவர்சில்வர் தட்டில் வைத்தேன். சத்தம் நான்கு மடங்கானது. அவள் ஸ்டூல் போட்டு ஏறி அதை நிறுத்திவிட்டு, இறங்கி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்த வாரம் இரண்டு முற்பகல் போயிற்று.

“பால்காரன் கேக்கியான், இங்க என்ன காலையில பாத்திரக் கடைக் கச்சவடமாண்ணு,” என்றாள் மனைவி. “அவளுக்குக் கொஞ்சம் நேரம் குடுக்கணும் கேட்டியளா.”

“அஞ்சு மணிக்கு எழும்பினா நேரம் உண்டு,” என்றேன்.

அவள் அடுக்களைக்குத் திரும்பினாள். வாய்மொழியாகச் சொல்வதை நான் கவனத்தில் எடுப்பதில்லை என்பது இருபது வருடத்தில் அவளுக்குத் தெரிந்திருந்தது.

முக்கில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவரிடம் போனேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். கோயில் திருவிழாவுக்கும் சர்ச் பெருநாளுக்கும் ஒரே ஒலிபெருக்கியைக் கொண்டுபோய்க் கட்டுகிறவர். காகிதத்தில் வரைந்துகொண்டு போயிருந்ததை அவர் முன்னால் விரித்தேன். டைம்பீஸின் முதுகில் அலாரத்துக்குச் சாவி கொடுக்கும் திருகு, மணி அடிக்கும்போது எதிர்ப்பக்கம் சுற்றும். அதில் ஒரு நூலைக் கட்டினால், நூல் சுருண்டு ஒரு சுவிட்சை இழுக்கும். சுவிட்ச் விழுந்தால் டார்ச் பேட்டரியில் ஓடும் ஒரு மணி அவள் அறையில் அடிக்கும். அதை நிறுத்தும் இடம் கிணற்றடியில். அங்கே ஸ்பிரிங் வைத்த ஒரு பலகை. அதன்மேல் நிறைந்த வாளியை வைத்தால் பலகை அமிழும், கொக்கி விழும், மணி நிற்கும். பாதி வாளிக்கு நிற்காது. ஆக, மணியை நிறுத்த வேண்டுமானால் பிள்ளை எழும்பி, அடுக்களை தாண்டி, கிணற்றில் தண்ணீர் கோரி, வாளியை நிறைத்து வைக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஒருத்தி தூங்க முடியுமா?

அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சாரே, இது கடிகாரமா, கோர்ட்டா?”

“நடக்குமா, நடக்காதா?”

“நடக்கும். பிள்ளை என்ன குத்தம் செஞ்சுதுண்ணு கேக்கியேன்.”

விஷயத்தைச் சொன்னேன். கட்டில் ஓரத்தில் துவர்த்தோடு உட்கார்ந்திருப்பதையும் சொன்னேன்.

“ஒங்க ஆபீசு பெஞ்சில நானும் அப்பிடித்தான் இருந்தேன் சாரே,” என்றார். “ஒரு சர்ட்டிபிக்கேட்டுக்கு மூணு நாளு. பியூன் வந்து, ஒறங்கப்பிடாதுண்ணு விரட்டினான். நான் ஒறங்கவே இல்ல.”

அந்தச் சான்றிதழ் தாமதமானதற்குத் தக்க காரணம் இருந்திருக்கும் என்று விளக்கினேன். அவர் சிரித்துக்கொண்டே சூட்டுக்கோலை எடுத்தார். அன்று அவர் சொன்னது காதில் விழுந்தது. கோப்பில் ஏறவில்லை.

மூன்று நாளில் மணி தயாரானது. முதல் மூன்று காலையும் நான் கிணற்றடியிலேயே நின்று கண்காணித்தேன். மணி அடித்தது. மகள் வந்தாள். கப்பி கிறீச்சிட்டது. வாளி நிறைந்தது. பலகை அமிழ்ந்து மணி நின்றது. நான் கொக்கியைச் சரிபார்த்து, ஒயரைத் தடவிப் பார்த்து, பேட்டரியைத் துடைத்துவிட்டுத் திரும்பும்போது அவள் குளித்து முடித்து, அம்மாவிடம் தலைபின்னக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளும் முதல் பஸ். ஒரு குறிப்பேடு வாங்கி முதல் பக்கத்தில் ‘ஏற்பாடு திருப்திகரம்’ என்று எழுதினேன்.

நான்காம் நாள் கண்காணிப்பு அவசியமில்லை என்று தோன்றியது. வழக்கமான என் காரியங்களுக்குத் திரும்பினேன். அன்று அவள் பஸ்ஸை விட்டாள். மீதி மூன்று.

என் வழக்கமான காரியங்களைச் சொல்லிவிடுவது நல்லது. வேலையில் இருந்த காலத்தில் நானும் அதே முதல் பஸ்ஸில்தான் போவேன். ஐந்து பத்துக்குக் குளிமுறிக்குள் போனால் ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வெளியே வருவேன். சவரம், எண்ணெய், குளி எல்லாம் அதற்குள். ஓய்வு பெற்ற பிறகும் அதில் ஒரு நிமிடம் மாறவில்லை. ஒழுங்கு என்று ஒன்று உண்டல்லவா. ஆறு மணிக்குத் தேய்த்த சட்டையோடு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து, ஏழரைக்கு வரும் பத்திரிகைக்காகக் காத்திருப்பேன்.

மணியால் எனக்கு ஒரு வசதியும் கிடைத்தது. மகள் கோரி வைத்த வாளி நிறைந்து தயாராக இருந்ததால் அதையே எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

குறிப்பேட்டில் இப்படி எழுதினேன்: ‘5.00 மணி அடித்தது. 5.06 நின்றது. 5.10 பார்த்தேன், கட்டிலில் இருந்தாள். 5.55 பார்த்தேன், கட்டிலில் இருந்தாள். இடையில் அசைவில்லை.’ தொடர்ந்து நாலைந்து நாள் இதே பதிவு. சில நாள் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு ஓடிப் பஸ்ஸைப் பிடித்தாள். ஒரு நாள் முடியவில்லை. மீதி இரண்டு.

இதற்கிடையில் வேறொரு முறைகேடும் தெரியவந்தது. அவள் மாலையிலேயே வாளியை நிறைத்துப் பலகையின் பக்கத்தில் வைத்துவிட்டு, காலையில் வந்து தூக்கிப் பலகைமேல் வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். நாளைய தேதியிட்ட சான்றிதழில் இன்றே கையெழுத்து வாங்கிக்கொள்வது போல. வாளி நிறைந்திருக்கிறதா என்றுதான் என் கடிகாரம் பார்த்தது; எப்போது நிறைந்தது என்று பார்க்கவில்லை. இத்தனை வருட அனுபவத்தில் அதை விட்டுவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. ஒரு ஆணியை அடுப்பில் காய்ச்சி, பிளாஸ்டிக் வாளியின் அடியில் சின்னதாக ஒரு துளை போட்டேன். மாலையில் நிறைத்தால் காலைக்குள் காலியாகும். காலையில் நிறைத்தால் மணியை நிறுத்தும் அளவுக்கு நிற்கும்.

மறுநாள் காலை அந்த வாளியை வழக்கம்போல் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். சவரம் முடிந்து, எண்ணெய் தேய்த்து, தலைமுதல் கால்வரை சோப்புப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் வாளியில் தண்ணீர் இல்லை. கண்ணைத் திறக்க முடியவில்லை. கதவைத் தட்டிக் கூப்பிட்டேன்.

“மக்கா, ஒரு வாளி தண்ணி கொண்டா.”

“வாறேன்,” என்று மகளின் குரல் கேட்டது. கப்பி கிறீச்சிட்டது. வாளி மறுபடி மறுபடி ஒழுகியதால் மூன்று நடை கோர வேண்டியிருந்தது; கடைசி நடையை அவள் கொண்டுவந்து வைத்த நேரத்தில் முக்கில் பஸ்ஸின் ஹாரன். அம்மாவும் மகளும் வெளியே பேசிக்கொள்வது கதவு வழியே கேட்டது.

“பஸ் போச்சா பிள்ளே?”

“போச்சும்மா.”

“அப்ப இனி எத்தனை?”

“ஒண்ணு.”

அந்த ‘ஒண்ணு’ எனக்குச் சோப்பைவிட அதிகமாக எரிந்தது. இன்னும் நான்கு வார வகுப்பு இருந்தது. நான்கு வாரத்தில் ஒரே ஒரு தவறுக்கு இடம். அன்று பகல் முழுவதும் வெறும் காகிதத்தில் வேறு வேறு கடிகாரங்களை வரைந்துகொண்டிருந்தேன். கட்டிலைச் சாய்க்கும் ஒன்று. போர்வையைக் கப்பியில் மேலே இழுக்கும் ஒன்று. எதுவும் பிள்ளையைக் குளிமுறிவரை கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

சாயங்காலம் காப்பியோடு ஒரு உறையும் வந்தது. மனைவி கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். உள்ளே நான்காக மடித்த முழுத்தாளில் மகளின் கையெழுத்து. வீட்டில் நாங்கள் பேசுவது தமிழ். மனு மலையாளத்தில் இருந்தது. அலுவலக மொழி அதுதானே. இடப்பக்கம் ஓரம் விட்டு, பெறுநர், அனுப்புநர், பொருள் எல்லாம் முறைப்படி. பொருள்: காலை ஐந்து பத்து முதல் ஐந்து ஐம்பத்தைந்து வரை குளிமுறி கிடைக்காமை. அதற்குக் கீழே இரண்டே வரி. மனுதாரர் தினமும் ஐந்து மணிக்கு எழும்பித் தயாராக இருப்பதாகவும், கதவு திறப்பதற்காகக் கட்டிலில் அமர்ந்து காத்திருப்பதாகவும், இதைப் பலமுறை நேரில் தெரிவித்தும் பலனில்லை என்றும். இணைப்பு ஒன்று.

இணைப்பு என் குறிப்பேட்டிலிருந்து அப்படியே எடுத்தெழுதிய ஒரு பக்கம். 5.10-க்கும் 5.55-க்கும் சிவப்பு மையில் அடிக்கோடு. நடுவே ஒரு கேள்வி: ‘இந்த நேரத்தில் குறிப்பெழுதியவர் எங்கே இருந்தார்?’

அடியில் மனைவியின் கையெழுத்து. ‘பரிந்துரைத்து அனுப்பப்படுகிறது. எனக்கும் இதே புகார் உண்டு. வரைபடம் போட்ட காலத்திலிருந்து.’

இரண்டு முறை வாசித்தேன். தவறு தேடினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தேதிகூடச் சரியாக இருந்தது.

பிறகு ரேடியோக்காரரின் பெஞ்ச் நினைவுக்கு வந்தது. என் அறை வாசலில் ஒரு நீள பெஞ்ச் உண்டு. முப்பத்திரண்டு வருடமும் அதில் ஆட்கள் மடியில் காகிதத்தோடு உட்கார்ந்து, தலை தொங்கி, கண் மூடியிருப்பதைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே போவேன். இந்த ஊர்க்காரர்களுக்கு இத்தனை தூக்கம் எங்கிருந்து வருகிறது என்று நினைத்திருக்கிறேன். என் வீட்டிலேயே ஒருத்தி துவர்த்தைத் தோளில் போட்டுக்கொண்டு அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று எழுதிவைத்தேன். கிணற்றடியில் நான் காவல் நின்ற மூன்று நாளும் அவள் நேரத்துக்குப் போனாள் என்றால், அது மணியின் வெற்றியல்ல. கதவு திறந்திருந்தது, அவ்வளவுதான்.

“ஏன் வாயால சொல்லல்ல?” என்று மகளிடம் கேட்டேன்.

“சொன்னேம்ப்பா. ஓணத்துக்கு முன்னால ஒருக்கா, பெறகு ஒருக்கா. எழுதித் தாண்ணு சொன்னியளே.”

சொல்லியிருப்பேன். எல்லோரிடமும் அதைத்தான் சொல்வேன்.

மனுவின் ஓரத்தில் ‘அனுமதிக்கப்பட்டது, நாளை முதல்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஆணை போடுவது எளிது. கால்கள் ஆணையை வாசிப்பதில்லை. மறுநாள் ஐந்து மணிக்கு எழும்பியவன், பாதித் தூக்கத்தில், நேராகக் குளிமுறிக் கதவில் கை வைத்துவிட்டேன். மனைவி அடுக்களையிலிருந்து இருமினாள். திரும்பி வந்தேன். அன்று மகள் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள், ஆனால் இருமலை நம்பி நான்கு வாரம் ஓட்ட முடியாது. மறுபடி ரேடியோ கடைக்குப் போனேன்.

“பலகையை எடம் மாத்தணும்,” என்றேன். “கிணத்தடியில வேண்டாம். குளிமுறி வாசல்ல. மிதிச்சா மணி அடிக்கணும். பிள்ளை தாண்டிப் போவா.”

“அப்ப மிதிக்கப் போறது யாரு?”

நான் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவர் கருவிப் பையை எடுத்துவைத்தார். அன்று மத்தியானமே வந்து, முழங்கால் போட்டு உட்கார்ந்து, பலகையைப் பதித்து, மணியையும் கதவுக்கு மேலே மாற்றி மாட்டினார். ஒயரை முறுக்கிக்கொண்டே சொன்னார்:

“இப்பதான் சாரே இது சரியான எடத்துல இருக்கியது ஆக்கும்.”

முதல் வாரம் இரண்டு தடவை மிதித்தேன். மணி என் தலைக்கு மேலேயே அடித்தது. பால்காரன் கேட்டானாம், சாருக்கும் பரீட்சையா என்று. இரண்டாம் வாரம் கால் பழகிக்கொண்டது. மூன்றாம் வாரம் ஒரு நாள் விழித்துப் பார்க்கிறேன், வெளியே நல்ல வெளிச்சம். மகள் போய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. பத்திரிகை கதவடியில் கிடந்தது. உடம்புக்கு ஏதாவதா என்று மனைவி வந்து எட்டிப்பார்த்தாள். ஒன்றுமில்லை, தூங்கினேன் என்றேன். அப்படிச் சொல்வது இன்பமாக இருந்தது.

மகள் அந்த நான்கு வாரத்தில் ஒரு நாளும் பஸ்ஸை விடவில்லை. மீதி இருந்த அந்த ஒன்று அப்படியே இருந்தது. அவள் கணக்கு அது. என் கணக்கில், பதிவேட்டில் எங்கோ தவறு இருக்கலாம், ஒரு முற்பகல் கூடக்குறைய விழுந்திருக்கலாம் என்ற பயம் போகவில்லை. பதிவேடுகளை நான் அறிவேன். வருகை குறைந்தவர்களின் பட்டியல் ஒட்டும் நாளில் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு அவளோடு முதல் பஸ்ஸில் போனேன். நெய்யாற்றின்கரை தாண்டும்வரை அவள் விட்ட நாட்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டே போனேன்.

பட்டியல் தட்டச்சில் இருக்கிறது, பிரின்சிபல் கையெழுத்திட்டதும் ஒட்டுவோம் என்றார்கள். அவள் வகுப்புக்குப் போனாள். நான் அலுவலக வாசலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. கண்ணை மூடிக்கொண்டு அவளுடைய பதிவு எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். தலை தொங்கியிருக்க வேண்டும். பியூன் வந்து தோளைத் தொட்டான்.

“சாரே, இவிடெ ஒறங்கப்பிடாது.”

“ஒறங்கல்ல,” என்றேன். “காத்திருக்கேன்.”

அவன் நம்பினதாகத் தெரியவில்லை.

ஒரு மணிக்குப் பட்டியல் வந்தது. பிள்ளைகள் முட்டித் தள்ளினார்கள். நான் பின்னால் நின்று, கண்ணாடியைத் துடைத்து, எண்களை மேலிருந்து கீழாக வாசித்தேன். பிறகு கீழிருந்து மேலாக. அவள் எண் இல்லை. முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பட்டியலில் எத்தனையோ பேர் தங்கள் எண்ணைத் தேடி, இல்லாமல் அழுததைப் பார்த்திருக்கிறேன். இல்லாத எண்ணைப் பார்த்து நெஞ்சு நிறைந்தது எனக்கு அன்றுதான். உள்ளேயிருந்த கிளார்க் ஜன்னல் வழியாகக் கட்டைவிரலைக் காட்டினார். ஹால் டிக்கெட்டுக்குக் கையெழுத்து வாங்க எந்த நாளில் வர வேண்டும் என்று சொன்னார். அது எனக்கு ஏற்கெனவே தெரியும். இருந்தாலும் முதல்முறை கேட்பது போலக் கேட்டுக்கொண்டேன்.

மகள் வகுப்பு விட்டு வந்தாள். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். புத்தகக் கட்டை மறுகைக்கு மாற்றி, “வெசக்குது அப்பா,” என்றாள். ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருவரும் பசியாறத் தோசை சாப்பிட்டோம்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. பாலராமபுரம்வரை நினைவிருக்கிறது. அப்புறம் யாரோ முழங்கையைப் பிடித்து அசைத்தார்கள்.

“அப்பா, எறங்கணும். மணி அடிச்சாத்தான் எழும்புவியளா?”

கண்டக்டர் பொறுமையாக நின்றுகொண்டிருந்தார். இந்தமுறை நான் உண்மையாகவே தூங்கியிருந்தேன்.